வெண்டிக்குத் தெரியாத வரைபடம்

இந்த முறை வெண்டி எதற்குமே கவலைப்படக் கூடாது என்று எரிக் முடிவு செய்தான். லேசுப்பட்ட முடிவு இல்லை. குளியலறையின் ஈரத் தரையில், இரண்டு சிவப்புக் கோடு விழுந்த கர்ப்பச் சோதனைக் குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு, துண்டோடு நின்று எடுத்த முடிவு. இனிமேல் இந்த வீட்டுக்குள் கவலை என்று ஒன்று வந்தால் அது முதலில் அவனிடம்தான் வர வேண்டும். வெண்டியிடம் போக அதற்கு அனுமதி கிடையாது.

காரணம் இல்லாமல் இல்லை. கல்யாணமாகி ஐந்து வருஷம் காத்திருந்து, போன வருஷம் ஒன்று வந்தது. ஏழாவது வாரத்தில் தங்காமல் போய்விட்டது. வெண்டி ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள். அவள் எப்படித் தாங்கினாள் என்று எரிக்குக்கு இன்றுவரை தெரியாது. இன்னொரு தடவை அவளைத் தாங்கவைக்கக் கூடாது, அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

வெண்டி தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறக்கிற முதல் வாரம் அவள் வகுப்பில் முப்பது பிள்ளைகளும் முப்பது சுருதியில் அழும். வெண்டி யாரையும் "அழாதே" என்று சொல்வதில்லை. அதிகமாக அழுகிற பிள்ளையைப் பார்த்து, "நீதான் இன்னைக்கு மானிட்டர். எல்லார் தண்ணி போத்தலையும் எண்ணி என்கிட்ட சொல்லு" என்பாள். பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டு எண்ணப் போய்விடும். சாயங்காலம் அதன் புத்தகத்தில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டுவாள்.

இதைக் கேட்டு எரிக் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறான்.

"பாவம்லா பிள்ளைங்க. நல்லா ஏமாத்துற நீ."

"ஏமாத்தல. கைக்கு வேலை குடுத்தா கண்ணு ஓஞ்சுரும்" என்பாள் வெண்டி.

எரிக்கின் வேலையும் எண்ணுகிற வேலைதான். ஈப்போவில் ஆற்று நீர்மட்டம் பார்க்கும் இலாகாவில் இருக்கிறான். கிந்தா ஆற்றில் அங்கங்கே நட்டிருக்கும் அளவுக் கம்பங்களைப் போய்ப் பார்த்து, எழுதி, கோடு போட வேண்டும். கோடு பச்சையில் இருந்தால் சாதாரணம். மஞ்சளுக்கு ஏறினால் வஸ்பாடா, அதாவது உஷார். ஆரஞ்சு எச்சரிக்கை. சிவப்பு வந்தால் பஹாயா, சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். பதினான்கு வருஷமாக இதே வேலை. வெண்டி கோபப்பட்டால்கூட எந்த நிறம் என்றுதான் அவனுக்குத் தோன்றும்.

வியாழக்கிழமை இருவரும் கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டர் சாரதாதேவி அதிகம் பேசாத மனுஷி. பேசினால் ரசீது போல இருக்கும்.

"ரத்தத்துல பீட்டா எச்சிஜின்னு ஒரு ஹார்மோன் பாப்போம். கரு ஒட்டிக்கிட்ட பிறகு அதுலேர்ந்து வர்றது. ஒரு நம்பர மட்டும் பாத்தா ஒண்ணும் தெரியாது. ஏறுதா, எவ்வளவு வேகமா ஏறுதுன்னுதான் பாக்கணும். ஆரம்பத்துல ரெண்டு மூணு நாளுக்கு ஒருக்கா இரட்டிப்பாகும். போகப் போக மெதுவாகும். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏறாது. ஒரே லேப்ல பாருங்க. ஏழாவது வாரம் ஸ்கேன் பண்ணா, அதுக்கு மேல நம்பரே தேவையில்ல."

எரிக் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தான். "ரெண்டு நாளுக்கு இரட்டிப்பு" என்று எழுதி அடிக்கோடு போட்டபோது அவன் பேனா நின்றுவிட்டது. மூன்று நாள் என்பதும், மெதுவாகும் என்பதும், ஒரே லேப் என்பதும் காற்றோடு போய்விட்டன.

"புரொஜெஸ்டிரோன்னு ஒண்ணு இருக்காமே டாக்டர்? கர்ப்பப்பைய உதறவிடாம பிடிச்சு வைக்கிறது. அதுக்குத் தனியா ஒரு கோடு போடலாமா?"

"அது ஒரே நாள்ல ஏறும் இறங்கும். அதுக்கெல்லாம் கோடு வேணாம்."

வெளியே வந்ததும் எரிக் தன் திட்டத்தை அரங்கேற்றினான். கவுண்டரில் இருந்த நர்ஸ் பிரமிளாவிடம் குனிந்தான்.

"தங்கச்சி, ரிசல்ட்டு வந்தா என் நம்பருக்கு மட்டும் வாட்ஸ்அப் பண்ணு. டீச்சருக்கு அனுப்பாத. அவங்க டென்ஷனாகக் கூடாது."

பிரமிளா எரிக்கைப் பார்த்தாள். அவன் தோளுக்குப் பின்னால் நின்ற வெண்டியையும் பார்த்தாள்.

"போலே அண்ணே. ஆகட்டும்" என்றாள்.

காரில் ஏறியதும் வெண்டியிடமும் சட்டத்தை அறிவித்தான்.

"இங்க பாரு வெண்டி. நம்பரெல்லாம் எனக்கு வரட்டும். நல்லாருக்கா, இல்லையான்னு நான் சொல்றேன். நீ அதைப் பத்தி யோசிக்கவே கூடாது. சரியா?"

"சரிங்க" என்றாள் வெண்டி.

ஆறு வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னது அதுதான் முதல் தடவை. நீர்மட்டம் பார்க்கிறவன் இதைக் கவனித்திருக்க வேண்டும். அவன் தன் வெற்றியில் மிதந்துகொண்டிருந்தான்.

ஆபீஸிலிருந்து ஒரு நீர்மட்டத் தாள் கொண்டுவந்தான். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் அதில் ஏற்கெனவே அச்சடித்திருந்தது. ஆறு ஏறினால் ஆபத்து, இது ஏறாவிட்டால் ஆபத்து. அதனால் தாளைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டான். வியாழன் 160. அங்கிருந்து இரண்டு நாளுக்கு இரட்டிப்பு என்று ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தான். அழகான கோடு. அதை எங்கே ஒளிப்பது? ஸ்டோர் அறையில் கிறிஸ்துமஸ் மரம் வைத்திருந்த அட்டைப்பெட்டி கண்ணில் பட்டது. டிசம்பர் வரை அதை யார் திறக்கப்போகிறார்கள்?

சனிக்கிழமை 350. திங்கட்கிழமை 740. இரண்டும் பச்சை. ஒவ்வொரு தடவையும் சமையலறையில் வெண்டியின் போன் டிங் என்னும். பத்து நிமிஷம் கழித்து எரிக்கின் போன் டிங் என்னும். "உன் ஸ்கூல் குரூப்புக்கு வேற வேலையே இல்லலா" என்று சொல்லிவிட்டு, ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான்.

"ஸ்டோர்ல என்ன பண்றீங்க?"

"கரப்பான்பூச்சி."

"நிறைய இருக்கா?"

"ரெண்டு நாளுக்கு ரெண்டு மடங்கு ஆகுது."

நம்பரை மறைத்தால் போதுமா? விஷயத்தையே மறைக்க வேண்டியிருந்தது. மூன்று மாசம் முடிகிறவரை வெளியே மூச்சு விடக் கூடாது என்பது இரண்டு வீட்டிலும் வழக்கம். ஆனால் பக்கத்து வீட்டில் கெர்ட்ரூட் அக்கா இருந்தாள். அவர்கள் இருந்த சிலிபின் வட்டாரத்தில் எந்த வீட்டில் குழம்பு கொதித்தாலும் உப்பு போதுமா என்று அவளுக்குத் தெரியும். அந்த வாரம் அவள் வேலிக்கு மேல் ஒரு பழுத்த பப்பாளியை நீட்டினாள்.

"வெண்டிக்குக் குடு தம்பி. நம்ம மரம்."

வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்குப் பப்பாளியா? வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். வாங்கி வீசினால் குப்பைத் தொட்டியில் பார்ப்பாள்.

"அவளுக்கு எதுக்கு அக்கா? எனக்குத்தான் பப்பாளின்னா உயிரு."

"இங்கேயே ஒரு துண்டு சாப்பிடு, பாப்போம்."

எரிக்குக்குப் பிறந்ததிலிருந்து பப்பாளி வாசனையே ஆகாது. கண்ணை மூடி விழுங்கினான். மீதியை வீட்டுக்குள் போய் நின்றபடியே முடித்தான். அந்த வாரம் கெர்ட்ரூட் அக்கா மொத்தம் மூன்று பப்பாளி கொடுத்தாள். மூன்றாவது பப்பாளிக்குப் பிறகு எரிக் ஆபீஸுக்கு அரை நாள் லீவு சொல்ல வேண்டியதாயிற்று. காரணம் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான்காவது ரிசல்ட் வந்தது. எரிக்கின் கோட்டின்படி 2560 வர வேண்டும். வந்தது 2050.

கதவைச் சாத்திக்கொண்டு புள்ளி வைத்தான். புள்ளி மஞ்சளில் போய் உட்கார்ந்தது. வஸ்பாடா. டாக்டருக்குப் போன் செய்தான்.

"மிஸ்டர் எரிக், ரெண்டு மூணு நாள்னு சொன்னேன். இது நல்லாவே ஏறிருக்கு."

"ஆனா என் கோடு டாக்டர்..."

"உங்க கோடு எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை வாங்க."

திங்கட்கிழமையா? ஆற்றில் மஞ்சள் வந்தால் மணிக்கு ஒரு தடவை அளக்கிறவனைப் பார்த்து திங்கட்கிழமை என்றால் எப்படி? ஆபீஸ் நண்பன் தர்மா, ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் பீடோரில் சனிக்கிழமையும் ரத்தம் எடுக்கிற ஒரு சின்ன லேப் இருப்பதாக எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. பீடோரில் கெர்ட்ரூட் அக்காவும் கிடையாது. எரிக் துணிந்துவிட்டான்.

"வெண்டி, நாளைக்கு பீடோர் போலாம். வாத்து மீ நூடுல்ஸ் சாப்பிடலாம்."

"காலைல பல்லு விளக்குற வாசனையே எனக்கு ஆகல. வாத்தா?"

"அப்படியே ஒரு ரத்தமும் குடுத்துட்டு வந்துருவோம். சும்மா, விட்டமின் பாக்குறதுக்கு."

வெண்டி அவனை நன்றாகப் பார்த்தாள். அவன் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இரண்டு நாளாகச் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான்.

"சரிங்க. போலாம்" என்றாள்.

பீடோரில் ரத்தம் கொடுத்துவிட்டு, வெண்டி மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்தாள். எரிக் ஒரு மணி நேரத்தில் எட்டுத் தடவை லேபுக்கு நடந்தான். எட்டாவது தடவை தாள் கையில் வந்தது.

1890.

நேற்று 2050. இன்று 1890. இறங்கிவிட்டது.

ஆறு இறங்கினால் சந்தோஷப்படுவதுதான் எரிக்கின் பிழைப்பு. "மட்டம் இறங்குது சார்" என்று எத்தனை மழை நாளில் சிரித்துக்கொண்டே போன் பண்ணியிருக்கிறான். இன்றைக்கு ஒரு மட்டம் இறங்கியதற்கு நடைபாதையில் நின்று அவனுக்கு அழுகை வந்தது. போன வருஷமும் இப்படித்தான் ஒரு தாள் கையில் இருந்தது. முகத்தைத் துடைத்து, பல்லைக் காட்டிக்கொண்டு கடைக்குள் வந்தான்.

"சூப்பர்லா வெண்டி! எல்லாம் சூப்பர்!"

"கண்ணு ஏன் செவந்திருக்கு?"

"மிளகாய்."

"நீங்க இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கலையே."

"பக்கத்து மேசை மிளகாய்."

வெண்டி எழுந்து கையை நீட்டினாள். "கார் சாவிய குடுங்க. நான் ஓட்டுறேன்."

வழியில் ஓய்வுத்தளத்தில் காரை நிறுத்தினாள். கழிவறைக்குப் போய் வருகிறேன் என்று போனவள் போனைக் காதில் வைத்தபடி பத்து நிமிஷம் கழித்துத்தான் வந்தாள். எரிக் கதவில் சாய்ந்து, மடித்த தாளைச் சட்டைப் பைக்குள் பிடித்திருந்தான். யாரோ பிடுங்க வருவதுபோல.

கார் மறுபடி நெடுஞ்சாலையில் ஏறியது. இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம்.

"எரிக், ஒரு சந்தேகம். அடுத்த வாரம் பிள்ளைங்களுக்கு அளவுகள் பாடம் எடுக்கணும்."

"ம்."

"ஆத்துல ஒரு கம்பத்துல நேத்து பாத்த அளவையும், வேற கம்பத்துல இன்னைக்குப் பாத்த அளவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, தண்ணி ஏறிருச்சு, எறங்கிருச்சுன்னு சொல்லலாமா?"

எரிக் நிமிர்ந்து உட்கார்ந்தான். துக்கம் துக்கம்தான், தொழில் தொழில்தான்.

"அது எப்படிச் சொல்ல முடியும்? ஒவ்வொரு கம்பத்துக்கும் பூஜ்யம் வேற இடத்துல இருக்கும். இந்தக் கம்பத்துல ரெண்டு மீட்டர்னா அந்தக் கம்பத்துல ஒன்றரை காட்டும். தண்ணி அதேதான்! புதுசா வேலைக்கு வர்ற பையனுங்க இந்தத் தப்பத்தான் பண்ணுவானுங்க. போன மாசம்கூட ஒருத்தன திட்டுனேன். ஒரு கம்பத்த பிடிச்சா அதையேதான் கடைசிவரைக்கும் பாக்கணும்!"

"ஓ. அப்படியா?" என்றாள் வெண்டி, சாலையைப் பார்த்துக்கொண்டு.

"மூளை இருக்கறவன் ரெண்டு கம்பத்த ஒண்ணா சேப்பானா?"

சொல்லிவிட்டு எரிக் சாய்ந்தான். கோப்பேங் ஊர்ப் பலகை கடந்து போனது. திடீரென்று அவன் டாஷ்போர்டைக் குத்தினான்.

"அலாமாக்! ரெண்டு லேப்!"

"என்ன ரெண்டு லேப்?"

"ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லலா. நீ ஓட்டு."

ஒரே லேப்ல பாருங்க என்று டாக்டர் சொன்னது இப்போது காதில் தெளிவாகக் கேட்டது. ஊருக்குப் பாடம் நடத்துகிறவன் தன் கம்பத்தையே மாற்றிப் பார்த்திருக்கிறான்! ஆனாலும் பாருங்கள், யாரும் சொல்லாமல், தானே, தன் சொந்த மூளையால் கண்டுபிடித்துவிட்டான். ஈப்போ வருகிறவரை அவன் சீட்டியடித்துக்கொண்டே வந்தான். வெண்டியின் உதட்டோரம் துடித்ததை அவன் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை, பழைய லேபிலேயே, 4400. புள்ளி வைத்தான். போட்டு வைத்த கோட்டுக்கு நன்றாகக் கீழேதான். ஆனால் ஏற்றம்தான். போகப் போக மெதுவாகும் என்பதும் இப்போது காதில் கேட்டது. பீடோர் புள்ளியை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே விட்டுவைத்தான்.

ஏழாவது வாரம் வந்தது. ஸ்கேன் அறையில் எரிக் வெண்டியின் பக்கத்தில் நின்றான். திரையில் சாம்பலும் கறுப்புமாக ஏதோ நெளிந்தது. டாக்டர் சாரதாதேவி கருவியை நகர்த்திக்கொண்டே இருந்தார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். வெண்டி அவன் கையைப் பிடித்திருந்தாள். தான் அவள் கையைப் பிடித்திருப்பதாக எரிக் நினைத்துக்கொண்டிருந்தான்.

"அதோ" என்றார் டாக்டர்.

அரிசி அளவு ஒன்று. அதற்குள் இன்னும் சின்னதாக ஒன்று விடாமல் துடித்தது. இருக்கிறேன், இருக்கிறேன் என்று. சந்தோஷம் என்றால் இப்படி வலிக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லியதில்லை.

"இனி நம்பர் தேவையில்ல" என்றார் டாக்டர். பிறகு எரிக்கைப் பார்த்து, "கோடும் தேவையில்ல" என்றார்.

வீட்டு வாசலில் கார் நின்றதும் வேலிக்கு மேல் கெர்ட்ரூட் அக்காவின் தலை தெரிந்தது.

"இதயத்துடிப்பு பாத்தாச்சா தம்பி?"

எரிக் அதிர்ந்து நின்றான். "உங்களுக்கு எப்படி அக்கா..."

"மூணு பப்பாளி குடுத்தேன். மூணையும் நீயே தின்ன. ஆம்பிளை ஓடி ஓடி வந்து பப்பாளி தின்னா, வீட்டுல பொம்பிள முழுகாம இருக்கான்னு அர்த்தம். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கலாம்னு பாத்தியா? வயிறு சரியாயிருச்சா?"

சரி, ஊருக்குத் தெரிந்தால் தெரியட்டும். முக்கியமான ரகசியம் பத்திரமாக இருக்கிறது. அதை வெளியிடும் நேரமும் வந்துவிட்டது. வெண்டியைச் சோபாவில் உட்காரவைத்து, அவள் முன்னால் நின்றான்.

"வெண்டி, இத்தனை நாளா உனக்குத் தெரியாம ஒரு பாரத்த நான் ஒருத்தனா சுமந்தேன். உனக்கு ஒரு சின்னக் கவலகூட வரக்கூடாதுன்னு. இரு, கொண்டாரேன்."

ஸ்டோருக்குள் போனான். கிறிஸ்துமஸ் மரப் பெட்டியைத் திறந்து தாளை எடுத்தான். வெளிச்சத்தில் பிரித்தான்.

160க்குப் பக்கத்தில் ஒரு தங்க நட்சத்திரம். 350க்கு ஒன்று. 740க்கு ஒன்று. 2050க்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவில், "நல்ல ஏற்றம். பயப்படத் தேவையில்லை." பீடோர் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். அதன் கீழே வட்டமான ஆசிரியைக் கையெழுத்தில்: "வேறு கம்பம். சேர்க்கக் கூடாது. தானாகவே கண்டுபிடித்தார். நன்று." அதற்கு மட்டும் இரண்டு நட்சத்திரம்.

எரிக் தாளோடு கூடத்துக்கு வந்தான். வாய் திறந்தே இருந்தது.

"எப்பலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்துதான்" என்றாள் வெண்டி. "பிரமிளா எனக்குத்தான் முதல்ல அனுப்புவா. நான் பாத்து, சரி, இப்ப அண்ணனுக்கு அனுப்புன்னு சொன்னப்புறம்தான் உங்களுக்கு வரும். பீடோர் நம்பரப் பத்தி அவகிட்ட ஓய்வுத்தளத்துலேர்ந்து கேட்டேன், வேற லேப் நம்பரச் சேக்கக் கூடாதுன்னா. நீங்க கார் சாவிய எடுத்தப்பவே அந்தத் தாள எட்டிப் பாத்துட்டேன்."

"அந்த அளவுகள் பாடம்?"

"ஒண்ணாம் வகுப்புக்கு ஆத்துக் கம்பமா எரிக்?"

எரிக் மெல்ல உட்கார்ந்தான். "ஏன் சொல்லல?"

வெண்டி அவன் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"போன வருஷம் ஆஸ்பத்திரி கார் பார்க்குல கண்ணாடிய ஏத்திட்டு அரை மணி நேரம் அழுதீங்க. நான் வெளிய நின்னுட்டு இருந்தேன். என் வலிய நான் தாங்கிக்கிட்டேன், எரிக். உங்கள அப்படிப் பாக்கறதத்தான் என்னால தாங்க முடியல. இந்தத் தடவை உங்க கையில ஒரு வேலை குடுத்துறணும்னு குச்சியில கோடு விழுந்த அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

எரிக் மடியிலிருந்த நட்சத்திரங்களைத் தடவிப் பார்த்தான். கோபப்படலாமா என்று யோசித்தான். எந்த நிறத்திலும் கோபம் வரவில்லை.

"அப்ப நானும் உன் வகுப்புல தண்ணி போத்தல் எண்ணுற பிள்ளைதான்."

"சேச்சே" என்றாள் வெண்டி. "அதுங்க ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சிடும்லா."